மினுக்கும் கேபினும் அசையாத முள்ளும்

லாரியை அலங்கரிப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் கேபின் கட்டிப் பெயிண்ட் அடிக்கிறவர்களின் கைவேலைக்கு நான் ரசிகன். மாதத்தில் பாதி நாள் அதற்குள்ளேயே உண்டு உறங்குகிற டிரைவருக்கு அது வீடு. வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் என்ன தவறு? என் சண்டை வேறு. டேஷ்போர்டுக்குப் பெயிண்ட், சீரியல் விளக்கு, ஸ்டிக்கர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முதலாளிகள், அதே டேஷ்போர்டில் ஏர் மீட்டரும் ஹீட் மீட்டரும் செத்துக் கிடந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கோப்பு தள்ளிய குமாஸ்தாவுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என் தங்கை மருமகன் லாரி ஓட்டுகிறார். அவர் ஓட்டும் வண்டிக்கு ஒரு பட்டறையில் டேஷ்போர்டைக் கழற்றிப் புதுப் பெயிண்ட் அடித்து, கடையில் வாங்கிய மீட்டர்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே ஹீட் மீட்டர் முள் தன் இஷ்டத்துக்கு ஆடியது. காரணம் என்ன தெரியுமா? எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே திருகி வைத்திருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து, ஒயரை மறுபடி முடுக்கியதும் முள் ஒழுங்காக நின்றது. பத்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் பெயிண்டரா, எலக்ட்ரீஷியனா? இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். பணம் மட்டும் இருவருக்கும் போய்விட்டது.

இப்படிப் பல உண்டு. ஹீட் மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சார், சூடு ஏற ஏறத் தன் மின்தடை குறையும்படி செய்யப்பட்டது. எந்த மீட்டருக்கு எந்த சென்சார் என்ற ஜோடிப் பொருத்தம் அதற்கு உண்டு. பழைய சென்சாரிலேயே புது மீட்டரை மாட்டினால், ரேடியேட்டர் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம். ஒரே சென்சாரில் இரண்டு மீட்டரை இணைத்தால் இரண்டுமே பொய் சொல்லும். இன்னொன்று: டேஷ்போர்டின் மேற்பரப்புக்குப் பளபளப்பான பெயிண்ட் அடித்தால், அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து டிரைவரின் கண்ணை உறுத்தும். அங்கே மங்கலான கறுப்புதான் சரி. போட்டோவில் அழகாக இருக்காது, பாதை தெரியும்.

"புது வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது, முள் எதற்கு?" என்பார்கள். விளக்கு எரியும்போது ஆபத்து வந்து வாசலில் நிற்கிறது. முள்ளோ அது தெருமுனையில் வரும்போதே சொல்லும். ஏர் பிரேக் வண்டியில் காற்று சுமார் 7, 8 கிலோ நிற்க வேண்டும். அது ஏழிலிருந்து ஆறரை, ஆறு என்று மெல்ல இறங்குவதை முள் ஒன்றுதான் காட்டும். "காற்று குறைந்தால் பின்சக்கர பிரேக் தானே இறுகிக்கொள்ளுமே" என்று வாதிடுவோரும் உண்டு. இறுகும். நடு நெடுஞ்சாலையில், இரவில், பின்னால் பஸ் வரும்போது இறுகினால்?

"அனுபவஸ்தனுக்கு இன்ஜின் சத்தமே போதும்" என்பது அடுத்த வாதம். நாலு ஸ்பீக்கரில் பாட்டு அலறும் கேபினில் எந்தச் சத்தம் கேட்கும்? தண்ணீர் முழுதும் ஒழுகிவிட்டால் சென்சாரே வெறும் ஆவியில் நின்று சூட்டைக் குறைத்துக் காட்டக்கூடும். சரியான மீட்டருக்கே இந்த வரம்பு உண்டென்றால், கெட்ட மீட்டரை நம்பி ஓட்டச் சொல்வது என்ன நியாயம்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்தக் கருவி 'மனோமெத்ர்' என்ற பெயரில்தான் அறிமுகம். 1849-இல் எழேன் பூர்தோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைத்த தட்டைக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவு முள்ளைத் திருப்பும். நீராவிக் கொதிகலன்கள் வெடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்ட அன்றே வழி கண்டார்கள். நாம் அதன் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். சாமி படத்தையும் அதன் மேலேயே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமிக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது ஐயா, முள்ளை மறைக்காதீர்கள்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி கட்டுப்பாட்டை இழந்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வழக்கு முதலில் டிரைவர் மேல்தான் பாயும். மீட்டரை ரிப்பேர் செய்யாதே என்று சொன்னவர் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்காது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் சொந்தக் காசில் மீட்டர் வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று வண்டியை விட்டு இறங்கவும் முடியாது.

எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும் முள் ஆடினால் போதுமா? முதலாளிமார்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயிண்ட் வேலைக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் நீங்களே டிரைவர் சீட்டில் ஏறி உட்காருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, காற்று முள் ஏறுகிறதா, சூட்டு முள் நகர்கிறதா பாருங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, காற்று முள் நிற்கிறதா, நழுவுகிறதா என்று கவனியுங்கள். கால்மணி நேரம் ஆகும். எல்லாம் சரியாக இருந்தால் பணத்தைக் கொடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை கலர் விளக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நானும் வந்து பார்த்து ரசிக்கிறேன்.