மூன்று கிலோவாட் எல்லா வீட்டுக்கும் வேண்டுமா?

மொட்டை மாடியில் சோலார் வைக்கலாமா என்று விசாரித்தால், விற்பவர்கள் பெரும்பாலும் முதலில் மாடியைத்தான் அளக்கிறார்கள். கிலோவாட்டுக்கு சுமார் நூறு சதுர அடி என்று வகுத்துவிட்டு, மூன்று கிலோவாட்டில் வந்து நிற்கிறார்கள். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் மானியம் மூன்று கிலோவாட்டோடு, 78,000 ரூபாயில் முடிந்துவிடுகிறது. அதனால் அந்த எண்ணே எல்லா வீட்டுக்கும் பொருந்தும் அளவாக ஆகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் அளவைச் சொல்ல வேண்டியது ஈபி பில்தான். ஏனென்றால் இங்கே எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி (பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, படிநிலை அப்படியேதான் இருக்கிறது) அந்த வீட்டின் பில் 3,650 ரூபாய். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. மீட்டர் கணக்கு 460 யூனிட்டுக்கு இறங்கும்போது பில் 1,485 ரூபாயாகிவிடுகிறது. எட்டு, ஒன்பது ரூபாய் யூனிட்டுகள் போய்விடுகின்றன. 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கிடைக்காத இரண்டே கால் ரூபாய் படியும் திரும்பக் கிடைக்கிறது. ஆக மிச்சம் 2,165 ரூபாய். இரண்டாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது 1,170 ரூபாய். மூன்றாவது வெறும் 315! அது தரும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது, அரசு ஏற்கெனவே இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டைத்தான் ஈடுகட்டுகிறது. மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய்தான். இந்த வீட்டுக்கு இரண்டு கிலோவாட் தாராளம். 300 யூனிட்டே செலவாகும் வீட்டிலோ ஒரு கிலோவாட் போட்டாலும் 675 ரூபாய்தான் மிஞ்சும். கடன் வாங்கிப் போட வேண்டிய அவசரம் அங்கே இல்லை.

நாளைக்கு ஏசி வரும், மின்சார ஸ்கூட்டர் வரும், இப்போதே பெரிதாகப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓரிரு ஆண்டில் நிச்சயம் வாங்கப்போவதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். தினம் ஆறு மணி நேரம் ஓடும் ஏசி ஒன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் பேனலின் உற்பத்தியைத் தின்றுவிடும். ஆனால் என்றோ வரக்கூடிய தேவைக்காக இன்றே முதல் போட வேண்டியதில்லை. இன்வெர்ட்டரை மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்கி, மாடியில் இடம் விட்டுவைத்தால், பேனலை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். பெரிதாகப் போட்டால் கரண்ட் போனாலும் வீடு இருட்டாகாது என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆனால் பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சோலார், பழுது பார்ப்பவர்களின் பாதுகாப்புக்காக மின்வெட்டின்போது தானே நின்றுவிடும். எத்தனை கிலோவாட் என்றாலும் இதுதான் நிலை. பேட்டரி வேண்டுமா என்பது தனிக்கணக்கு. ஆகவே விலை கேட்கப் போகும் முன் ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து வையுங்கள். கோடைப் பில்லை மட்டும் காட்டினால் தேவைக்கு மேல்தான் சொல்வார்கள். மழைக்கால உற்பத்தி எவ்வளவு இறங்கும் என்பதையும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் எங்கே விழுகிறது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.