வடைச் சட்டியில் அர்ஜென்டினா

தாராவியில் நம்மவர்கள் பொழுது விடிவதற்குள் இட்லி அவித்து, வடை சுட்டு முடித்துவிடுகிறார்கள். பிறகு சைக்கிள் ஹார்ன் ஒலியோடு அது மாடுங்காவுக்கும் செம்பூருக்கும் புறப்படுகிறது. அந்த வடை வெந்த எண்ணெய் எந்த ஊர்? டின்னில் இருப்பது சோயா எண்ணெய் என்றால், அர்ஜென்டினா அல்லது பிரேசிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாட்டில் புழங்கும் சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அந்த நாடுகளில் விளையும் சோயாவோ ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றப்பட்டது.

1996-இல் அமெரிக்காவில் மான்சான்டோ நிறுவனம் கொண்டுவந்த சரக்கு இது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சோயாவில் புகுத்தினார்கள். கிளைபோசேட் மருந்தைத் தெளித்தால் களை கருகும், பயிர் அசையாது. சத்தைக் கூட்ட அல்ல, களையெடுக்கும் செலவைக் குறைக்க வந்த ரகம்.

இதைத் தின்றால் கெடுதல் என்று மேடையில் முழங்குவது சுலபம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இந்த முதல் ரகத்தைப் பரிசீலித்து, பாதகமில்லை என்றுதான் சொன்னது. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சுவதுமில்லை. இந்தியா 2007-இல் எண்ணெய்க்குக் கதவைத் திறந்துவிட்டது. சரி. ஆனால் வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டாமா? மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என்று அச்சிட வேண்டும் என 2013 ஜனவரி 1 முதல் விதி வந்தது. மாடுங்கா கடையொன்றில் எண்ணெய் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்ததுதான் மிச்சம். தாராவியில் சில்லறையாக அளந்து வாங்குகிறவருக்குத் திருப்பிப் பார்க்கப் பாக்கெட்டும் கிடையாது.

எனக்கு இதைவிட உறுத்துவது லாத்தூர் விவசாயியின் நிலை. அவர் இந்த விதையை ஊன்ற அனுமதி இல்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் கோழித் தீவனம் விலை ஏறியது என்று, அதே மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள நவசேவா துறைமுகம்தான் அதற்கு முக்கிய வாசல். எண்ணெய் எடுத்த சக்கை முளைக்காது, ஆகவே சட்டத்துக்கு முரணில்லை என்று விளக்கம். மகாராஷ்டிர விவசாயிகள் கூச்சலிட்டார்கள். அந்த ஆண்டு உச்சத்துக்குப் போயிருந்த சோயா விலை, அவர்களுடைய புதுப் பயிர் சந்தைக்கு வந்த சமயத்தில் வெகுவாக இறங்கிவிட்டிருந்தது.

நம் வீட்டுக் குருமாவில் போடும் மீல் மேக்கர் மட்டும் இன்னும் பெரும்பாலும் உள்ளூர்ச் சோயாதான். தாளிக்கும் எண்ணெய்க்கு அந்த உத்தரவாதம் இல்லை.