அருணை வலமும் முதியோர் பாதமும்

சித்திரைப் பௌர்ணமியன்று அருணாசலத்தை வலம் வருவதைக் குலவழக்கமாகவே கொண்ட குடும்பங்கள் உண்டு. இளவேனிலைத் தென்றலின் பருவமென்று புலவர்கள் போற்றினாலும், திருவண்ணாமலைத் தார்ச்சாலை அதனை அறியாது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கதிரவன் மறைந்த பின்னரும் நெடுநேரம் உமிழ்ந்துகொண்டிருக்கும். இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் கடந்து கோயிலை அடையும்வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகள் நடந்த கால்தானே என்னும் துணிவில் பெரியோர் பலர் வெறுங்காலுடன் புறப்படுகின்றனர்.

அந்தக் கால் இன்று மாறியிருக்கக்கூடும். நீண்டநாள் நீரிழிவு, பாதத்து நரம்புகளை மெல்ல மரத்துப்போகச் செய்கிறது. சுடுதரையில் கால் வைத்த இளைஞர் துள்ளி விலகுவார். உணர்வு மங்கிய முதியவரோ ஐந்தெழுத்தை ஓதியபடி அமைதியாக நடப்பார். உடன்வருவோர் அதைப் பொறுமையென்று வியப்பர். கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். அது ஆறாப் புண்ணாகி, விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்வதும் உண்டு.

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் எளிய பரிசோதனையை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். பயணத்துக்கு முன் அதனைச் செய்துகொள்ளலாம். உணர்வு குறைந்தோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. மலையே சிவமாயிருக்கச் செருப்பணிவதா என்னும் தயக்கம் இயல்பானதே. தோலால் ஆகாத, துணியும் ரப்பரும் கொண்ட மென்காலணியைச் சாலையில் அணிந்து, சந்நிதிதோறும் கழற்றி வணங்கலாம். மற்றையோரும் பௌர்ணமித் திதி நிற்கும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் கண்டு, தரை குளிர்ந்திருக்கும் பின்னிரவையே தேர்வது நன்று. பகலில் பிராகாரம் சுற்றுவோர்க்குத் தேங்காய்நார் விரிப்பு இடப்பட்ட பாதையே ஏற்றது.

தாகமும் இவ்வாறே. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதால், கேட்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு லிங்கத்தருகிலும் அமர்ந்து சில மிடறு நீர் அருந்த வேண்டும். இருதய, சிறுநீரக நோய்க்காக நீரும் உப்பும் அளவாக விதிக்கப்பட்டோரும், நீர் பிரியும் மாத்திரை உண்போரும் தத்தம் மருத்துவரைக் கேட்டே அளவை அறிய வேண்டும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உபவாசத்துடன் நடப்பது பேரிடர். கைநடுக்கமும் குளிர்வியர்வையும் கண்டால், வழக்கமாக விலக்கும் பானகமே அப்போது மருந்து. ஆனால் உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, திசை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடனே 108-ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

வலம் முடித்து வீடு சேர்ந்ததும் உள்ளங்காலைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டுக. குனிந்து பார்க்க இயலாத முதியோர்க்கு அவர்களின் கண்ணே துணை. கொப்புளம் இருப்பின் உடைக்காமல், மறுநாள் காலையே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.