பள்ளிச் செலவும் ஆசிரியர் சங்கமும்

ஒரு சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்யுமிடத்து, செலவு ஏறியிருக்கக் கண்ட மாத்திரத்தில் அச்சங்கம் சீர்கெட்டது என்று நாம் முடிவு கட்டுவதில்லை. நூல் கொள்முதல் ஏறியதா, நெசவுக் கூலி ஏறியதா, வீண் செலவு ஏறியதா என்று இனம் பிரித்துப் பார்க்கிறோம். செலவிற்கு ஈடான சரக்கு இருப்பில் உள்ளதா என்றும் எண்ணிப் பார்க்கிறோம். இவ்விரு கேள்விகளையும் நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளியைக் குறித்தும் எழுப்புதல் உறுப்பினர்களின் கடமையாகும்.

பள்ளிக் கல்விக்குத் தமிழக அரசினர் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை 2021-22ஆம் ஆண்டில் ஏறத்தாழ ரூ.32,599 கோடி. 2023-24இல் அது ரூ.40,299 கோடியாயிற்று, 2025-26இல் ரூ.46,767 கோடியாயிற்று. நான்கே ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு ஏற்றம். இப்பணம் வானத்திலிருந்து பொழிந்ததன்று. சோப்புக் கட்டி வாங்கும் நெசவாளியும், பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் வாங்கும் குடியானவரும் செலுத்திய வரியும் இதில் அடங்கும்.

இவ்வேற்றத்திற்குக் காரணம் யாது? கொண்டப்பநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் உறுப்பினர்கள் கூடிப் பேசும்போது ஒரே விடைதான் அடிக்கடி நம் காதில் விழுகிறது: “எல்லாம் வாத்தியார் சங்கம் செய்த வேலை, போராட்டம் நடத்திச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டார்கள்.” இவ்விடையில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மையே.

பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஊதியமும் ஓய்வூதியமும்தான் என்பதை மறுப்பதற்கில்லை. தறியில்லாமல் நெசவு இல்லை. அவ்வாறே ஆசிரியரின்றிப் பள்ளி இல்லை. 1960களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பலர் பஞ்சாயத்து யூனியன்களின் கீழ் வேலை பார்த்தனர். 1981 ஜூன் மாதத்தில்தான் அவர்கள் அரசு ஊழியராயினர். இவ்வுயர்வு தானாக வந்து சேரவில்லை. சங்கமாகத் திரண்டு, பல்லாண்டு கேட்டுப் பெற்றனர். ஊதியக் குழுவின் பரிந்துரையும், ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படும் அகவிலைப்படியும் செலவை ஏற்றுகின்றன. தனித்தனியே நின்றால் நூல் வியாபாரியிடம் ஏமாறுவோம் என்றறிந்து சங்கம் கண்ட நாம், பிறர் ஒன்றுகூடுவதைப் பழித்தல் நியாயமாகாது.

சங்கத்தார் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதும் இல்லை. 2003 ஏப்ரல் முதல் புதிதாகப் பணியில் சேர்வோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள், ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆசிரியரும் அரசு ஊழியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று தீர்ப்புரைத்தது. நீக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். 2019 ஜனவரி 22ஆம் நாள் தொடங்கிய ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தமும் பழைய ஓய்வூதியத்தை முதற்கோரிக்கையாகக் கொண்டிருந்தும், கேட்டதைப் பெறாமலே ஜனவரி 30ஆம் நாள் கைவிடப்பட்டது.

மேலும், ஒரே பள்ளியின் கூரையின்கீழ் நிற்போர் அனைவரும் ஒரே நிலையினரல்லர். 2009 மே 31 வரையில் நியமனமான இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் ரூ.8,370 என்றும், அதற்கு மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200 என்றும் வகுக்கப்பட்டது. வேலை ஒன்றே, கூலி இரண்டு. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர் மாதம் ரூ.5,000 ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஒரே எண் நூலில், ஒரே நீளப் பாவில் நெய்த இரண்டு வேட்டிகளுக்கு இருவேறு கூலி கொடுத்தால் நம் பேரவையில் எத்தகைய கூச்சல் எழும்! நிலைபெற்றோரைக் காப்பதில் சங்கங்கள் காட்டிய வலிமை, கடைநிலையில் நிற்போரைக் காப்பதில் அதே அளவிற்குப் பயன்படவில்லை. ஆசிரியர் சங்கங்களின்மேல் நாம் கூறும் முதற் குறை இதுவே.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். செலவிற்கு ஈடான சரக்கு எங்கே? பிரதம் நிறுவனத்தார் ஊர்ப்புறங்களில் நடத்தும் ‘அசர்’ ஆய்வின்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தவர், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இருந்தனர். 2024இல் ஏறத்தாழப் பன்னிருவராயினர். முன்னேற்றம் உண்டு, எனினும் எண்பத்தெட்டுப் பிள்ளைகள் மீதி நிற்கின்றனர்.

ஊதியத்தை உயர்த்தினால் மட்டும் இந்நிலை மாறுமா? இந்தோனேசிய நாட்டில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியரின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பாக்கப்பட்டது. ஆசிரியரின் மனநிறைவு பெருகிற்று. பிள்ளைகளின் கற்றலோ இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் உயரவில்லை என்று ஆய்வாளர் கண்டனர். மாறாக, நம் தமிழகத்திலேயே சில அங்கன்வாடிகளில், முன்பருவக் கல்விக்கெனக் கூடுதலாக அரைநாள் பணியாளர் ஒருவரை அமர்த்திப் பார்த்தபோது, கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. பிள்ளைகளின் எண்ணறிவும் எழுத்தறிவும் உயர்ந்தன. இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது என்ன? பிள்ளையின் அருகில் அமர்ந்து கற்பிக்கும் நேரத்தைக் கூட்டும் செலவே பலன் தரும் செலவு. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர், வகுப்புகளோ ஐந்து. அவ்விருவருள் ஒருவர் தேர்தல் வேலைக்கோ கணினியில் விவரம் பதிவதற்கோ சென்றால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழுகின்றன. இருபடித் தறியில் ஒருவரை உட்காரவைத்து ஐந்து தறிக்குக் கணக்குக் கேட்பது போன்றது இது.

ஆகவே குறை, ஆசிரியருக்குச் சங்கம் இருப்பதில் இல்லை. பிள்ளைக்குச் சங்கம் இல்லாததில் இருக்கிறது. ஊதியம் பேசப்படும்போது மேசையின் ஒருபுறம் அரசினர், மறுபுறம் ஆசிரியர். பிள்ளையின் சார்பில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

அந்நாற்காலியைச் சட்டம் நமக்கு முன்னரே அளித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி நடைபெறுவதைக் கண்காணிக்கவும், மானியம் செலவாகும் வகையைப் பார்க்கவும் அக்குழுவிற்கு உரிமை உண்டு. 22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவே. நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவிற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. ஆனால் உறுப்பினர் வராத பேரவை என்னவாகும் என்பதை நாம் அறிவோம்: தீர்மானம் முன்னரே எழுதப்பட்டிருக்கும், கையொப்பம் மட்டும் வீடு தேடி வரும்.

வராமைக்குக் காரணமும் நமக்குத் தெரியும். ஒருநாள் தறி நின்றால் ஒருநாள் கூலி போயிற்று. மரவள்ளி பிடுங்கும் பருவத்தில் வயலை விட்டு நகர இயலாது. அப்படியிருந்தும் பலர் சிக்கன நிதியில் முன்பணம் வாங்கித் தனியார் பள்ளி வேனுக்குக் கட்டணம் கட்டுகின்றனர். வரியாக ஒருமுறை, கட்டணமாக மறுமுறை என்று ஒரே கல்விக்கு இருமுறை விலை கொடுக்கின்றனர். பிள்ளைகள் விலக விலக, அரசுப் பள்ளியில் தலைக்குச் செலவு ஏறும். செலவு ஏறியது கண்டு பள்ளியையே மூடலாம் என்ற பேச்சு எழும். இச்சுழலை அறுப்பது நம் கையில் இருக்கிறது.

நம் சங்க உறுப்பினர் குடும்பங்களிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மார், கூட்டத்தில் மூன்று கணக்குகளைக் கேட்கட்டும். காலியாயுள்ள ஆசிரியர் பணியிடம் எத்தனை? சென்ற மாதம் ஆசிரியர் வேறு வேலைக்கு அனுப்பப்பட்ட நாள் எத்தனை? மூன்றாம் வகுப்பில் தடையின்றி வாசிப்போர் எத்தனை பேர்? முதலிரண்டு கேள்விகளும் ஆசிரியருக்குத் துணை செய்வன. மூன்றாவது அவரிடம் பொறுப்புக் கேட்பது. காலிப் பணியிடத்தை நிரப்பவும் பிற வேலைகளைக் குறைக்கவும் ஆசிரியர் சங்கத்தார் விடுக்கும் கோரிக்கைக்குப் பெற்றோரும் தோள் கொடுக்கட்டும். அவ்வாறே வாசிப்புக் கணக்கை ஊரறியச் சொல்லும் பொறுப்பை ஆசிரியர் சங்கத்தாரும் தம் மாநாட்டுத் தீர்மானங்களில் ஒன்றாக ஏற்கட்டும்.

செலவைக் குறைக்கச் சொல்வது நம் நோக்கமன்று. செலவிற்குக் கணக்குக் கேட்பதே நம் நோக்கம். பங்குத் தொகை செலுத்தியவர் பேரவைக்கு வருதல் கூட்டுறவின் முதல் ஒழுக்கம். பள்ளியிலும் நமக்குப் பங்கு உண்டு. அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு வரும்போது, ஒரு வேளைத் தறியை நிறுத்திவிட்டேனும் உறுப்பினர்கள் சென்று அமர்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.