இன்றைக்கு யாரை வரைந்தீர்கள்?



படம் வரையத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டவர்கள் எழுதும் கடிதங்கள் நிறையவே வருகின்றன. பெரும்பாலும் ஒரே கதைதான். தினமும் ஒரு மனித உருவமாவது வரைந்துவிடுவது என்று முடிவெடுத்தேன், முதல் வாரம் சந்தோஷமாகப் போனது, அடுத்த வாரத்திலிருந்து படங்கள் மோசமாகிக்கொண்டே வந்தன, இப்போது நோட்டைத் திறக்கவே மனசு வரவில்லை என்கிறார்கள். எழுதுபவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு. இரவுப் பணி பார்க்கும் செவிலியர் உண்டு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறை வெளிச்சத்தில் பென்சிலோடு உட்காரும் அம்மாக்கள் உண்டு. இவர்களில் ஒருவரைக்கூடச் சோம்பேறி என்று என்னால் சொல்ல முடியாது. இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

‘மோசமாகிக்கொண்டே வந்தன’ என்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதல் நாள் வரைந்த ஆளுக்கும் ஒரு கை குட்டையாகத்தான் இருந்திருக்கும், தலை பெரிதாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அது உங்கள் கண்ணில் படவில்லை. இரண்டு வாரம் உற்று உற்றுப் பார்த்த பிறகு படுகிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவையார் பெயரில் வழங்கும் வெண்பாவைக் கேட்டுக் கேட்டு, ஓவியம் என்றாலே கை பழகுவதுதான் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. நான் பார்த்தவரையில் முதலில் பழகுவது கண். கை மெதுவாகப் பின்னால் வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் புதிதாகத் தொடங்கியவர்கள் மனம் உடைந்து நோட்டை மூடிவிடுகிறார்கள். கண் திறந்துகொண்ட நேரமாகப் பார்த்து நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த இடைவெளியில் நிறுத்தாத ஒருவரைச் சொல்கிறேன். வின்சென்ட் வான் கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல். அப்போது அவருக்கு 27 வயது. ஓவிய வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்திருந்தார், பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதியில் சமய ஊழியம் செய்திருந்தார், எதுவும் நிலைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் தங்கிக்கொண்டு, சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் மாணவர்களுக்காகத் தயாரித்த கரிக்கோல் பயிற்சித் தாள்களைப் பார்த்து வரைந்து பழகினார். மொத்தம் 60 தாள்கள். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வரைந்தார். பனியில் சுரங்கத்துக்கு நடந்து போகும் தொழிலாளர்களை அந்த ஆண்டு அவர் வரைந்த படம் இன்றைக்கும் இருக்கிறது. உருவங்கள் விறைத்து நிற்கின்றன, நடக்கிற கால்களில் நடை இல்லை. உங்கள் நோட்டில் இருப்பதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை என்று தைரியமாகவே சொல்வேன்.

பின்னாளில் ஹேக் நகரத்துக்குப் போனவர், அங்கே முதியோர் இல்லத்து ஆட்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்து வரைந்தார். முழங்கையை முழங்காலில் ஊன்றி, முகத்தை இரு கைகளிலும் புதைத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவரை 1882இல் வரைந்தார். எட்டு ஆண்டு கழித்து, 1890இல், அதே கிழவரை அதே இருப்பில் எண்ணெய் வண்ணத்தில் திரும்பவும் தீட்டினார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பழைய பார்க் தாள்களை அனுப்பிவை, உடல் படங்களையெல்லாம் இன்னொரு முறை வரைய வேண்டும் என்று கேட்கிறார். சூரியகாந்திகளும் விண்மீன் இரவும் அதற்குள் வரைந்து முடிந்திருந்தன. அந்தக் கடிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் தொடக்கப் பாடத்துக்குத் திரும்ப அந்த மனிதருக்குக் கூச்சமே இருக்கவில்லை.

சரி, தினமும் உட்கார்ந்து என்ன வரைவது? புதிதாகத் தொடங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் முகத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கண், இமை, மூக்கு என்று இறங்கி வருவதற்குள் எதிரே நின்றவர் பஸ் ஏறிப் போய்விடுவார். முகத்தை விடுங்கள். அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ரொம்ப நேரமாகக் காத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கிறது. அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கியிருக்கிறது. இடது முழங்கால் லேசாக மடங்கி, பாதம் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது. கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு நூல் தொங்கவிட்டதாக நினைத்துப் பாருங்கள், பாரம் தாங்கும் காலின் கணுக்கால் அருகே வந்து விழும். தோளின் சரிவுக்கு ஒரு கோடு, இடுப்பின் சரிவுக்கு ஒரு கோடு, பாரம் தாங்கும் காலுக்கு ஒரு கோடு. இந்த மூன்றும் அரை நிமிடத்தில் விழுந்துவிட்டால் காகிதத்தில் ஒரு ஆள் நின்றுவிட்டார். சட்டைப் பையும் பொத்தானும் அவர் இன்னும் அங்கேயே நின்றால் பார்த்துக்கொள்ளலாம். இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் பெண்ணிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குழந்தை இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளியிருக்கும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து சமன் செய்யும். புடவை மடிப்புகள் அந்த இடுப்பிலிருந்துதான் பிரிந்து இறங்கும். இடுப்பைப் பிடித்துவிட்டால் மடிப்புகள் தாமாக வந்துவிடும்.

நம் சிற்பிகளுக்கு இது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கைவந்த வித்தை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பாருங்கள். கி.பி. 1011 வாக்கில் வார்த்த செப்புத் திருமேனி. காலைக் குறுக்காக வைத்து, காளையின் மேல் கையைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார். காளை இப்போது இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கை எதன் மீதோ சுகமாகப் படிந்திருப்பது தெரிகிறது. சாய்வு சரியாக இருந்தால் சாய்ந்திருக்கும் பொருளைப் பார்ப்பவரே போட்டுக்கொள்கிறார். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரி போதும். ஒரு மணி நேரம் எதிரே உட்காரலாம், அசையாத மாடல்.

அளவைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வந்துவிடுகிறது என்கிறீர்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். நமக்கு முகத்தின் மேல் அக்கறை அதிகம், அதனால் கை அதைப் பெரிதாக்கிவிடுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை எடுத்து, செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் 12 அங்குலம். முதன்மைத் தெய்வங்களுக்கான உத்தம தச தாளத்தில் மொத்த உயரம் 124 அங்குலம். அங்குலம் இங்கே ஸ்கேலில் இருக்கும் இன்ச் கிடையாது, அந்தந்தத் திருமேனியின் அளவிலிருந்தே பிறக்கும் பங்கு. அமெரிக்காவின் ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் வெளியிட்ட உருவ ஓவியப் புத்தகத்தில் தலையை அலகாக வைத்துக்கொண்டு, இலட்சிய உடம்புக்கு எட்டுத் தலை உயரம் கொடுக்கிறார். நம் தெருவில் நடப்பவர்கள் ஏறக்குறைய ஏழரைத் தலை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைத் தலை உச்சியிலும் கட்டைவிரல் நகத்தைத் தாடையிலும் வைத்து அளந்துகொண்டு, அதைக் கீழே எத்தனை முறை வைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். வாரத்தில் ஒரு நாள் இப்படி அளந்தால் போதும். தினமும் அளந்துகொண்டிருந்தால் அசைவு செத்துப்போகும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கிமோன் நிக்கோலைடிஸின் பாடங்கள், அவர் இறந்த பிறகு 1941இல் புத்தகமாக வந்தன. விரைவாக அசைவைப் பிடிக்கும் பயிற்சி பரவலானதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்கிறார். வேலைக்குப் போகிறவர்களிடம் நான் அதைக் கேட்க மாட்டேன். இருபது நிமிடம் கிடைத்தால் அரை நிமிடப் படங்கள் பத்து, ஒரு நிமிடப் படங்கள் ஐந்து, ஐந்து நிமிடப் படங்கள் இரண்டு. அதுவும் முடியாத நாளில் தூங்குகிற யாராவது ஒருவர், ஒரே ஒரு படம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு வரைந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வட்டி கட்டுகிற பாரம் சேர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் நோட்டின் பக்கமே போகத் தோன்றாது.

ஆள் அசைந்துவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. விட்டுவிட்டு அதே பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குங்கள். டீக்கடையில் நிற்பவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவார், இறக்குவார், திரும்பவும் கொண்டுபோவார். மனிதர்கள் விட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து அரைகுறை உருவங்களை வைத்துக்கொண்டு, எது திரும்பி வருகிறதோ அதில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரி மாணவர்கள் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வரைவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையில் தலைவைத்துத் தூங்குகிறவரும், சிக்னலுக்காகக் காத்திருக்கும் போர்ட்டரும்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். போட்டோ பார்த்து வரைவதை நான் குறை சொல்ல மாட்டேன், ராத்திரியில் வேறு வழி இருக்காது. ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைக் கேமரா ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டிருக்கும். அந்த முடிவை நீங்கள் எடுத்துப் பழகத்தான் இந்தப் பயிற்சியே. வெளியே வரையும்போது ஒரு மரியாதை வேண்டும். யாராவது கூச்சப்படுவதாகத் தெரிந்தால் பேனாவை மூடிவிடுங்கள். கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீடு இருக்கிறது. சொல்லப்போனால் எனக்குப் பிடித்த வழியே அதுதான்: ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைவது. ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள் ஏறக்குறைய நூறு. ஒரே மெலிந்த உடம்பு, ஒரே கைத்தடி, ஒரே துண்டு. ஒவ்வொன்றிலும் நடை வேறு, முதுகின் வளைவு வேறு. உங்கள் வீட்டுப் பாட்டி கீரை ஆய்கிறார். அப்பா பேப்பரை விரித்தபடியே நாற்காலியில் கண் அயர்கிறார். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறாள், காலிரண்டும் மேலே மடங்கிப் பின்னிக்கிடக்கின்றன. ஒரே ஆளை ஒரு மாதம் வரைந்தால் அவருடைய தோள் எந்தப் பக்கம் இறங்கும், உட்காரும்போது எந்தக் கையை ஊன்றுவார் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகிவிடும். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் கவனிக்காதது அப்போதுதான் தெரியவரும். யாரும் கிடைக்காத நாளில் உங்கள் இடது கை இருக்கிறது, அது எங்கும் போகாது.

வாங்க வேண்டியது அதிகமில்லை. பழைய டைரியும் பால்பாயின்ட் பேனாவும் போதும். பேனாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரப்பர் கையில் இருந்தால் இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் அழிப்பதிலேயே போய்விடும். பேனாவில் தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு நகரலாம், இரண்டையும் பார்த்தால் எவ்வளவு விலகினோம் என்பதும் தெரியும். பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மூலையில் தேதி போடுங்கள். முதல் இரண்டு மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடாமல் இருந்தால் நல்லது என்பது என் கருத்து. லைக் வாங்குகிற படத்தையே திரும்ப வரையச் சொல்லி மனசு இழுக்கும். வராததை வரைந்து பார்க்கத்தான் நமக்கு இந்த இருபது நிமிடம்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை வாசகர்களின் நோட்டுகளுக்காக ஒதுக்கப்போகிறோம். தேர்ந்தெடுத்த அழகான படம் வேண்டாம். வீட்டிலிருக்கும் ஒருவரை ஒரு மாதம் வரைந்து, முதல் வாரப் பக்கம் ஒன்றையும் கடைசி வாரப் பக்கம் ஒன்றையும் தேதியோடு அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நீலத்தைவிடக் கறுப்பு மை அச்சில் தெளிவாக விழும்.

அன்புடன்,
ஆசிரியர்