பழைய பிக்கப் வண்டியும் உப்புக் காற்றும்

பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி மாதந்தோறும் எழுதி வருகிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு வரும் நோயைப் பற்றி எழுதுவாரில்லை. விவசாய டிமான்ஸ்டிரேட்டருக்கு மோட்டார் விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். விடியற்காலம் மூன்று மணிக்குக் கீரைக் கட்டுகளுடன் கோயம்பேட்டுக்குப் புறப்பட வேண்டிய வண்டி ஆறு மணிக்கும் வாசலிலேயே நிற்குமாயின், அக்கீரைக்கு நாம் சிபார்சு செய்த எருவினால் யாது பிரயோஜனம்?

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்துக் குடியானவர்களில் அநேகர் புது வண்டி வாங்குவதில்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் பல வருஷங்கள் உழைத்துக் களைத்த வண்டியையே மலிவாக வாங்குகிறார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. 1988-ஆம் வருஷத்தில் டாடா கம்பெனியார் வெளியிட்ட டாடாமொபைல் முதலாக வந்த பழைய டீஸல் பிக்கப் வண்டிகள் உறுதியானவை. கையால் பழுது பார்க்கத் தக்கவை. ஆனால் அவ்வண்டி முன்பு எதைச் சுமந்தது என்று வாங்குமுன் விசாரிப்பவர் மிகச் சிலர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஓடிய வண்டியாயின், மீன் பெட்டிகளிலிருந்து பனிக்கட்டி நீரும் உப்பு நீரும் கலந்து வருஷக்கணக்காக அடிச்சட்டத்தின் மேல் ஒழுகியிருக்கும். போதாக்குறைக்குக் கடற்காற்று. மேலுக்குப் பூசிய புது வர்ணம் இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

உப்பினால் முதலில் கெடுவது இரும்புத் தகடு என்று நினைக்கிறோம். அதற்கும் முன்னே கெடுவது எர்த் இணைப்பு. மோட்டார் வண்டியில் மின்சாரம் பாட்டரியிலிருந்து கம்பி வழியே போகிறது. திரும்புவதோ பெரும்பாலும் வண்டியின் உடல் வழியாகவே. எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் சேர்க்கும் பின்னல் கம்பியின் முனையில் களிம்பேறிவிட்டால், பாட்டரி எவ்வளவு நல்லதாயினும் ஸ்டார்ட்டருக்குப் போதிய பலம் கிடைப்பதில்லை.

சென்ற ஐப்பசியில் மீஞ்சூருக்கு அருகே ஒரு குடியானவரின் வண்டி இவ்விதமே நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மாத்திரம் கேட்கும். பட்டறையில் முதலில் புதுப் பாட்டரி போட்டார்கள். பதினைந்து நாளில் மறுபடியும் நின்றது. பிறகு ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். அப்பொழுதும் சில நாளே ஓடிற்று. இரண்டு செலவுக்கும் அவர் நகையை அடகு வைத்திருந்தார். நான் போய் முன்விளக்கைப் போடச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொன்னேன். விளக்கு மங்கவே இல்லை. ஆகவே குற்றம் பாட்டரியில் இல்லை. கியரை நடுநிலையில் வைத்து, ஒரு தடித்த கம்பியைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினின் இரும்புக்கு நேராகப் பிடித்தவுடன் வண்டி புறப்பட்டது. பின்னல் கம்பியைக் கழற்றி உப்புத் தாளால் தேய்த்து, முனையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவியார் ஒன்றும் பேசாமல் மூலையில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்பது என் கருத்தன்று. சோதித்துப் பார்ப்பதற்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம். சாமான் மாற்றினால்தான் கொடுக்கிறோம். ஆகவே அவர்கள் மாற்றுகிறார்கள். இதில் நமக்கும் பங்குண்டு.

கிராமத்துக்கு ஒரு வோல்ட் மீட்டராவது அவசியம் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தால் எல்லாருக்கும் உதவும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-க்கு மேல் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரைக் குறை கூறுமுன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது சிலர் வழக்கம். நல்ல ஆல்டர்னேட்டரையும் அது கெடுத்துவிடும். பியூஸ் போன இடத்தில் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத் தாளைச் சுற்றுவதோ வண்டிக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமானம்.

ஒரு பக்கத்து விளக்கு மங்கலாக எரிவதும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குவதும் பெரும்பாலும் எர்த் கோளாறே. பல்பை மாற்றிப் பயனில்லை.

மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல் நீர் நிலத்தடி நீரில் கலந்து வயல்களைக் கெடுத்த கதையை நமது வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போர் நீரையே வண்டி கழுவவும் உபயோகிக்கிறோம். பயிருக்கு ஆகாத நீர் கம்பி முனைகளுக்கும் ஆகாது. பாட்டரிக்குள் அதை ஊற்றுவது அதனினும் மோசம்; வாலை நீரே ஊற்ற வேண்டும்.

எண்ணூர்ச் சாலையில் ஓடிய வண்டிக்கு நிலக்கரித் தூளும் சாம்பலும் வேறு பகை. கரும்புகை வந்தால் டீஸல் பம்பைப் பிரிக்குமுன் காற்று பில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரின் இடுக்குகளைப் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கலாகாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும்படி யோசனை சொல்வோர் உண்டு. அவ்வாறு செய்த எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீஸலை அதிகம் குடித்துச் சீக்கிரம் தேய்ந்து போகும். ஓடும்போது இழுத்து இழுத்து நின்றால், டீஸல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை வடித்துவிட்டு, கைப் பம்பை அழுத்திக் காற்றைப் போக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை நீர் வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் பலர். நீரை அழுத்திச் சுருக்க இயலாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நனைந்த வண்டியில் முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு காற்று பில்டரைத் திறந்து பாருங்கள். அது ஈரமாயிருந்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள். அச்சிலும் கியர்ப் பெட்டியிலும் உள்ள எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இவ்வருஷம் ஐப்பசி மழைக்கு முன்பாகவே பின்னல் கம்பியைத் தேய்த்து வைப்பது நலம்.