வாடகை வீடும் மனையடி சாஸ்திரமும்

நம் போடி, பொட்டிபுரம் பக்கத்தில் ஏலக்காயில் நாலு காசு கண்டவர்கள், வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப்போட நினைப்பதில் தவறொன்றுமில்லை. ஆனால் வாங்குமுன் யாரைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருங்கே வருகின்றன. சோதிடர் வருகிறார், மனையடி சாஸ்திரி வருகிறார், வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று சொல்லித் தட்சிணை வாங்கிப் போகிறார்கள். தலைக்கு மேலுள்ள கூரையைப் பார்க்க ஒரு என்ஜினீயரைக் கூப்பிடலாமே என்றால் மட்டும் "அது தண்டச் செலவு" என்கிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 ரூபாய் சர்க்காருக்குக் கட்டுகிறவருக்கு இது மட்டும் எப்படித் தண்டமாகும்?

"நாமா குடியிருக்கப் போகிறோம்? வாடகைக்குத்தானே!" என்றும் ஒரு நியாயம் பேசுகிறார்கள். இதைத்தான் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். குடியிருக்கப் போகிறவர்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குக் கூலிக்குப் போகிறவர்களும், ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களும், அவர்களது குழந்தைகளுமல்லவா? 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் கூலி ஜனங்கள். காசைப் பார்த்தாலும், 2019 முதல் அமலிலுள்ள வாடகைச் சட்டப்படி கட்டடத்தின் பெரிய ரிப்பேர்கள் வீட்டுக்காரன் தலையில்தான் விழுகின்றன; வாங்கும்போது மிச்சம் பிடித்ததைப் பின்னால் கொத்தனாரிடம் கொட்டுகிறான்.

இதே பொட்டிபுரத்தில் நியூட்ரினோ கூடத்துக்காக மலையைக் குடையத் திட்டமிட்டபோது, பாறையின் தரத்தை முதலில் புவியியல் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். அதுவும் போதாதென்று ஊர் ஜனங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயமே அனுமதியை நிறுத்தி வைத்தது. அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவகாரம். மலையைப் பற்றி அவ்வளவு கேட்கத் தெரிந்த நமக்கு, சொந்தப் பணத்தில் வாங்கும் சுவரைப் பற்றி வாய் திறக்க ஏன் வரவில்லை?

என்ஜினீயர் சொல்வதும் வேதவாக்கல்ல. விற்கிறவனோ தரகனோ கூட்டிவரும் ஆளை நம்பவேண்டாம். நாமே ஒருவரை அமர்த்தி, கூரைக் கம்பி, சரிவில் மண் தாங்கும் சுவர், மின்சார எர்த், மலக்குழிக்கும் கிணற்றுக்குமுள்ள தூரம் ஆகியவற்றைப் பார்த்துக் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லவேண்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் தனி வேலை. அவற்றை வக்கீல் பார்க்கட்டும். விற்பதற்கென்றே புதுச் சுண்ணாம்பு அடித்த வீடானால், ஐப்பசி மழையில் ஒரு தரம் உள்ளே போய் நின்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.